சின்னாளப்பட்டிப் பங்காளிக்கு டெல்லியிலிருந்து

ஆர்.கே.புரம், புது டெல்லி

அன்புள்ள பங்காளி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். குளிர்கூடப் பழகிவிட்டது, இந்தக் காற்றுதான் பழகமாட்டேன் என்கிறது. சின்னவளுக்கு இருமல் விட்டபாடில்லை. மாசு கூடினால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறார்கள், குறைந்தால் திறக்கிறார்கள். சிறுமலைக் காற்றைச் சும்மா வாங்கிக்கொண்டிருக்கும் நீ, அங்கே பனி அதிகம் என்று எனக்கு எழுதுகிறாய்!

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சந்திப்புக்கு, டெல்லியில் ‘பெரிய இடத்தில்’ இருக்கும் நம் ஆட்களின் பட்டியல் வேண்டும் என்கிறாய். ஐ.ஏ.எஸ். என்றால் ரொம்ப நல்லது, இல்லாவிட்டால் இயக்குநர் அளவிலாவது இருக்கட்டும் என்று வேறு எழுதியிருக்கிறாய். பட்டியல் தருகிறேன். ஆனால் நீ நினைக்கிற பட்டியல் இல்லை.

படிக்கும்போது நமக்கு நடந்த வி.பி.பி. முகாம், அதாவது கிராமத்தில் தங்கிக் கற்கும் பயிற்சி, ஞாபகம் இருக்கிறதா? ஆத்தூர் பக்கத்துக் கிராமத்தில் போய்த் தங்கினோமே, அது. கோயில் முன்னால் ஊர்க்காரர்களை உட்காரவைத்து, கோலப்பொடியைக் கையில் கொடுத்து, உங்கள் ஊரை நீங்களே வரையுங்கள் என்றோம். பெரியவர்கள் நன்றாகத்தான் வரைந்தார்கள். கோயில், கண்மாய், ரேஷன் கடை, நாட்டாமை வீட்டுத் தெரு, களம் எல்லாம் வந்துவிட்டது. நாமும் ஆகா என்று நோட்டில் பிரதி எடுக்க ஆரம்பித்துவிட்டோம். அப்போது ஓரமாக நின்றிருந்த அங்கன்வாடி ஆயாம்மா, “எங்க தெரு எங்கப்பா?” என்றார். யாரும் பேசவில்லை. கோலப்பொடியும் தீர்ந்துபோயிருந்தது. ஊர்ப் பெயராலேயே நாம் கூப்பிடும் நம் வகுப்பு வத்தலக்குண்டுதான் எழுந்து போய் ஒரு செங்கல்லை உடைத்துப் பொடி கொண்டுவந்து அந்தம்மாவின் கையில் கொடுத்தாள். அவர் குனிந்து காலனியை வரைந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அப்புறம்தான் நமக்குத் தெரிந்தது.

அந்த வத்தலக்குண்டு இப்போது டெல்லியில்தான் இருக்கிறாள். சுயஉதவிக் குழுக்களுக்கான ஒரு மத்திய அரசுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. விசிட்டிங் கார்டில் ‘கன்சல்டன்ட்’ என்று இருக்கும், வருஷா வருஷம் புதுப்பிப்பு ஆணை வந்தால்தான் சம்பளம். ஒரு வருஷம் ஆணை தாமதமாகி, சில மாதம் சேமிப்பில்தான் ஓட்டினாள். மாதத்தில் பாதி நாள் ஜார்க்கண்ட், புந்தேல்கண்ட் என்று சுற்றுகிறாள். அவள் இந்தியைக் கேட்டு அலுவலகத்தில் சிரிப்பார்களாம். குழுப் பெண்களிடம் கற்றுக்கொண்டது, பாதி புந்தேல்கண்ட் வட்டாரப் பேச்சான புந்தேலி. ஆனால் விதிமுறை எழுதும் கூட்டத்தில், விண்ணப்பம் எல்லாம் கைபேசியிலேயே என்று யாராவது சொன்னால், கைபேசி இல்லாதவள் என்ன செய்வாள் என்று முதலில் கேட்பது அவள்தான். ஒரு வரி மாறும். அந்த வரிக்குக் கீழே அவள் பெயர் இருக்காது. உன் ‘இயக்குநர் அளவு’ அளவுகோலில் இவள் எங்கே வருவாள், சொல்லு.

அடுத்து நத்தம்காரன். ஓல்டு ராஜிந்தர் நகரில் ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு பேரோடு கிடந்து யு.பி.எஸ்.சி. எழுதினானே! ஒருமுறை மெயின்ஸ் வரை போனான். அதோடு நின்றுவிட்டது. பிறகு ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் அதிகாரி வேலைக்கு, கிரேடு ஏ தேர்வு எழுதினான். அதில் வேளாண்மையும் ஊரக வளர்ச்சியும் உண்டு. நாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிந்துகொண்டே கேட்ட பாடம் அப்படியே வினாத்தாளில் வந்தது என்று சிரிப்பான். 1992-இல் நபார்டு 500 சுயஉதவிக் குழுக்களை வைத்துத் தொடங்கியதுதான் குழு–வங்கி இணைப்பு. இன்று அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே வெறும் கணக்காகிவிட்டது என்று அவன் சொல்லக் கேட்க வேண்டும். இப்போது உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறான். உன் விழாவைப் பற்றிச் சொன்னேன். “தோத்த கதையைச் சொல்லச் சொன்னா வர்றேன்” என்றான்.

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. யு.பி.எஸ்.சி.யில் பொதுப் பிரிவுக்கு 6 முறை, 32 வயது. பிற்படுத்தப்பட்டோருக்கு 9 முறை, 35 வயது. அத்தனை முறையும் எழுதலாம் என்று பையன்களுக்குத் தெரிகிறது. எப்போது நிறுத்துவது என்று எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்லித்தராது, அதில் அவர்களுக்கு வரும்படி இல்லை. நத்தம்காரன் சொல்வான்.

கலெக்டர் கதையும் வேண்டும்தானே, அதற்கு ஒன்று வைத்திருக்கிறேன். நம் ஜூனியர் பெண் ஒருத்தி யு.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275 தான், ஆனால் முதல்நாள் ராத்திரி பிள்ளை சாப்பிடவே இல்லை. யு.பி.எஸ்.சி. அலுவலகம் இருக்கும் ஷாஜகான் சாலையில் நான்தான் இறக்கிவிட்டேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அப்படியும் தொழில் ஏன் நசிகிறது என்று ஆரம்பித்தார்களாம். பிறகு ஒருவர், கிராமத்தில் சில நாள் தங்கி என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்டிருக்கிறார். “தண்ணி வர்ற நேரத்துல யாரும் பேட்டி குடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டோம் சார்” என்றிருக்கிறாள். போர்டே சிரித்துவிட்டதாம். முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அவளைக் கூப்பிடு.

பேனரில் யார் படம் என்று கேட்டிருந்தாய். 2022 பட்டமளிப்பு விழாவில் பிரதமர், இளையராஜா, உமையாள்புரம் சிவராமன் என்று எல்லாப் படங்களையும் பார்த்தாகிவிட்டது. இந்த முறை சௌந்தரம் அம்மா மட்டும் போதும். கன்னாட் பிளேஸ் பக்கம் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியைத் தாண்டும்போதெல்லாம் அவர் நினைப்பு வரும். டி.வி.எஸ். வீட்டுப் பெண், சின்ன வயதில் கணவனை இழந்தவர், இங்கே வந்து படித்து 1936-இல் டாக்டரானார். இங்கே கிடைத்த, பின்னாளில் காந்தியின் மருத்துவரான சுசீலா நய்யாரின் சிநேகம்தான் காந்தியிடம் கொண்டுபோனது. பெரிய ஊரில் கிளினிக் வைத்து உட்காராமல், 1947-இல் தன் இரண்டாம் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1962-இல் திண்டுக்கல் எம்.பி.யாக மறுபடி டெல்லிக்கு வந்து கல்வித் துணை அமைச்சரும் ஆனார். நம் முன்னாள் மாணவர் மலர்களில் அந்தத் துணை அமைச்சர் பதவிதான் கொட்டை எழுத்தில் வருகிறது. சின்னாளப்பட்டியில் பிரசவம் பார்த்தது ஒரு வரிதான்.

இன்னொன்று. ஆத்தூர், நிலக்கோட்டை வட்டாரங்களில் ஊராட்சிச் செயலராகவும் கூட்டுறவுச் சங்கத்திலும் நம் ஆட்கள் எத்தனை பேர்! அவர்களைத் தேட என் உதவி உனக்கு வேண்டாம், சைக்கிளில் போனாலே பார்த்துவிடலாம். மேடை, சால்வை, மைக் எல்லாம் அரைமணி நேரத்தில் முடித்துவிடு. பிறகு கடைசி ஆண்டுப் பிள்ளைகளோடு பத்துப் பத்துப் பேராக மரத்தடியில் உட்காரட்டும். சம்பளம் எவ்வளவு, இந்தி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள், வீட்டில் கல்யாணத்துக்கு எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று அவர்கள் கேட்கட்டும். டெல்லிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகளுக்குத் தங்க இடம் வேண்டுமென்றால் என் விலாசத்தைக் கொடு. ஒரு நேரத்தில் இரண்டு பேர் தாராளமாகத் தங்கலாம், காலையில் இட்லி உண்டு.

தேதியை மட்டும் சீக்கிரம் முடிவு செய். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, நிஜாமுதீனிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி ரயில் கண் இமைப்பதற்குள் நிரம்பிவிடும். எனக்கும் வத்தலக்குண்டுக்கும் சேர்த்துப் போடுகிறேன். அவளுக்குக் கீழ் பெர்த் வேண்டுமாம், முட்டி வலி.

அன்புடன்,
உன் பங்காளி