பேட்டரி இல்லாத அகல்: பினாங்கு நண்பனுக்கு

கோலாலம்பூர்

அன்பு நண்பா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். பிரிக்ஃபீல்ட்ஸில் தீபாவளிக் கடைகளுக்குக் கூடாரம் போட ஆரம்பித்துவிட்டார்கள். இனி மாலையில் அந்தப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போகிறவனுக்குப் பொறுமை நிறைய வேண்டும்.

மண் அகலுக்குள் எல்இடி, அகலுக்கு ஒயரும் இல்லை பேட்டரியும் இல்லை, பலகைக்கு அடியிலிருந்து காந்தப்புலம் வழியாகச் சக்தி அனுப்பும் ஒரு காயில் (கம்பிச் சுருள்). உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தூக்கினால் அணைந்துவிடுகிறது, யூஎஸ்பியின் 5 வோல்ட்டை விட்டு 12 வோல்ட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். போகாதே. உன் குறை வோல்ட்டில் இல்லை, சுருதியில் இருக்கிறது. சுருதி என்று நான் சொல்வது, காயிலும் அதன் கெப்பாசிட்டரும் சேர்ந்து இயல்பாக ஆடும் அலைவெண்ணை. அனுப்பும் காயிலும் வாங்கும் காயிலும் ஒரே சுருதியில் நிற்கவில்லை.

முதலில் அனுப்பும் பக்கம். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸில் இத்தனை வருஷம் இருந்தவனுக்குச் சால்டர் பிடிக்க நான் சொல்லித்தர வேண்டாம், அதனால் பாகங்களை மட்டும் சொல்கிறேன். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 0.8 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை நெருக்கமாகப் 10 சுற்று சுற்று. ஏறத்தாழ 20 மைக்ரோஹென்றி வரும். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 நானோஃபாரட் பாலிப்ரோப்பிலீன் கெப்பாசிட்டர். இங்கே சாதா செராமிக் வேண்டாம். அந்தக் கெப்பாசிட்டர் வழியாக உச்சத்தில் ஒரு ஆம்பியர் போய்வருகிறது, செராமிக் சூடேறி மதிப்பு நகர்ந்துவிடும்.

இந்தக் காயிலின் இரு முனையும் இரண்டு மாஸ்ஃபெட்டுகளின் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்; கேட், டிரெய்ன், சோர்ஸ் என்று மூன்று கால்) டிரெய்னுக்குப் போகும், சோர்ஸ் இரண்டும் கிரவுண்டுக்கு. 5 வோல்ட்டிலிருந்து ஒவ்வொரு டிரெய்னுக்கும் 100 மைக்ரோஹென்றி, 1 ஆம்பியர் தாங்கும் சோக் (கடையில் கிடைக்கும் இண்டக்டர்) ஒன்று. 5 வோல்ட்டிலிருந்து ஒவ்வொரு கேட்டுக்கும் 220 ஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். பிறகு ஒவ்வொரு கேட்டிலிருந்தும் எதிர்ப்பக்க டிரெய்னுக்கு ஒரு டையோடு, ஆனோடு கேட்டில், கேத்தோடு டிரெய்னில். ஒரு பக்கம் கிரவுண்டுக்கு இறங்கும்போது எதிர்ப்பக்கத்துக் கேட்டையும் சேர்த்து இழுத்து அணைத்துவிடும். ஊஞ்சல் மாதிரி இரண்டும் மாறி மாறி ஆடும், தனியாக ஆசிலேட்டர் ஐசி எதுவும் தேவையில்லை.

பாகத் தேர்வில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மாஸ்ஃபெட் ஐஆர்எல்இசட்44என் ஆக இருக்கட்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஐஆர்எஃப்இசட்44என் எடுத்து நீட்டுவார். அது திறக்க ஆரம்பிக்கவே 2 முதல் 4 வோல்ட் கேட்கும், 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடேறும். டையோடு 1என்5819, வேகமாக அணையும் ஷாட்கி வகை. 1என்4007 போடாதே. இங்கே ஒரு முழு அலை எட்டரை மைக்ரோவினாடிக்குள் முடிந்துவிடுகிறது, அந்த மெதுவான டையோடு அணைவதற்குள் அடுத்த அலை வந்து நிற்கும்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது ஆடாமல் ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டு அசையாமல் நின்றால் பயப்படாதே. இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டிருக்கும். வோல்ட் மெதுவாக ஏறினால் இப்படித்தான் ஆகும், சில அடாப்டர்கள் அப்படித்தான் ஏற்றுகின்றன. அடாப்டரை முதலில் போட்டுவிட்டு, அதற்கும் சர்க்கியூட்டுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் வைத்துப் பிறகு தட்டு. 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சுவிட்சுக்கு முன்னால், அடாப்டர் பக்கமே வை. ஒரு ஆம்பியர் பாலிஃபியூசும் (தானாக மீளும் ஃபியூஸ்) சேர்த்துக்கொள். சரியாக ஆடினால், மேலே ஒரு விளக்கும் இல்லாதபோது 0.1 ஆம்பியரை ஒட்டித்தான் இழுக்கும்.

20 மைக்ரோஹென்றிக்கும் 100 நானோவுக்கும் கணக்குப் போட்டால் 112 கிலோஹெர்ட்ஸ் வரும். ஆனால் சோக் இரண்டும் தொடராகச் சேர்ந்து 200 மைக்ரோஹென்றியாகக் காயிலுக்குப் பக்கவாட்டில் நிற்கின்றன. அதனால் உண்மையில் ஆடுவது 118க்குப் பக்கத்தில். இந்த 5 சதவீதத்தைத்தான் நீ கணக்கில் விட்டிருப்பாய் என்பது என் சந்தேகம்.

இனி அகலுக்குள் போகும் காயில். 10 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டில் காகிதம் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் 0.15 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் 100 சுற்று, 3 மில்லிமீட்டர் அகலத்துக்குள். கழற்றி, அதன் குறுக்கே 15 நானோஃபாரட் போடு. அதே முனைகளில் இரண்டு எல்இடி, ஒன்றுக்கொன்று தலைகீழாக. ஒன்று போதாதா என்று கேட்பாய். சுருதி சேர்ந்த காயிலில், எல்இடி இணைக்காதபோது, அனுப்பும் காயிலின் நடுமையத்தில் வைத்தால் 25 வோல்ட் வரை எழும். எல்இடி தலைகீழாகத் தாங்குவது பொதுவாக 5 வோல்ட்தான். இரண்டைத் தலைகீழாகப் போட்டால் ஒன்று எரியும்போது மற்றதைக் காப்பாற்றும், இரண்டு அரை அலையும் வீணாகாது. இரண்டும் ஒரே நிறமாக இருக்கட்டும். சிவப்பையும் வெள்ளையையும் ஜோடி போட்டால் சிவப்பு 2 வோல்ட்டிலேயே எல்லாவற்றையும் குடித்துவிடும், வெள்ளை பட்டினி கிடக்கும். ரெசிஸ்டர் தேவையில்லை, காயிலே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும்.

சுருதிக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் 10 சதவீதக் கெப்பாசிட்டர் ஒரு பக்கமாக விலகினாலே அலைவெண் 5 சதவீதம் நகரும். ஒரே அலைவெண்ணைக் கூர்மையாகப் பிடிக்கும் இந்தக் காயிலுக்கு அந்த விலகல் போதும், வரும் வோல்ட் மூன்றில் ஒரு பங்காகச் சரியும். உன் கேள்விக்கான கணக்கு இதுதான். சுருதி தப்பிய விளக்கு 5 வோல்ட்டில் எரிவது ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர் வரை. அதையே 12 வோல்ட்டுக்கு ஏற்றினால் எட்டரை. சுருதி சேர்த்த விளக்கு 5 வோல்ட்டிலேயே 9 சென்டிமீட்டர் போகும், சிவப்பாக இருந்தால் 11. 12 வோல்ட்டில் காயிலில் வீணாகும் சக்தி ஐந்தரை மடங்குக்கு மேல். டிரெய்னில் எழும் உச்சமும் 38 வோல்ட்டை நெருங்கும், அந்த டையோடின் எல்லையோ 40.

சேர்க்கும் வழி சுலபம். ஐஸ்கிரீம் குச்சியின் ஒரு முனையில் சின்ன ஃபெரைட் துண்டு, மறுமுனையில் பித்தளை ஸ்குரூ ஒட்டிக்கொள். விளக்கை அனுப்பும் காயிலின் நடுவில் 7, 8 சென்டிமீட்டர் உயரத்தில் மங்கலாக எரியும்படி வை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே எரியும், ஒன்றும் தெரியாது. ஃபெரைட்டைச் சின்னக் காயிலின் ஓட்டைக்குக் கொண்டுபோ. வெளிச்சம் கூடினால் சுற்று போதவில்லை. பித்தளைக்குக் கூடினால் சுற்று அதிகம், ஒன்றிரண்டு பிரி. இரண்டுக்குமே மங்கினால் சரியான இடத்தில் நிற்கிறாய், பசை வை. என் கணக்கில் 100 சுற்றில் ஆரம்பித்தால் 95ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு சதவீதம் அலைவெண் என்று வைத்துக்கொள்.

அகலுக்குள் போகும் கெப்பாசிட்டர் சி0ஜி வகை (சூட்டில் மதிப்பு மாறாத செராமிக்), 5 சதவீதம், ஒரே பட்டையிலிருந்து வாங்கு. ஒரு அகலுக்குச் சுற்றின் கணக்கு கிடைத்துவிட்டால் மற்றவை அதை ஒட்டியே அமையும். எக்ஸ்7ஆர் என்ற சாதா செராமிக் வகை வெயிலிலும் ஏசியிலும் மாறிக்கொண்டே இருக்கும். கம்பியின் எனாமல் பாலியூரித்தேன் என்றால் 390, 400 டிகிரியில் ஈயத்தோடு தானே எரிந்துபோகும். எரியவில்லை என்றால் வேறு வகை, பிளேடால் சுரண்டத்தான் வேண்டும். பாதி வேலை செய்து பாதி செய்யாத விளக்குகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இணைப்பைத்தான்.

சுற்றப் பொறுமை இல்லையென்றால் இன்னொரு வழி. ஜாலான் பசார் கடைகளில் கிடைக்கும் 1 மில்லிஹென்றி டிரம் கோர் இண்டக்டரோடு 1.8 நானோஃபாரட் போட்டால் நேராக 118 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். திறந்த வகையாகப் பார்த்து வாங்கு. சுற்றிலும் ஃபெரைட் கவசம் போட்டதை வாங்கினால் அது வெளிக் காந்தப்புலத்தை உள்ளே விடாது. இண்டக்டரின் அச்சு செங்குத்தாக நிற்க வேண்டும், படுத்தால் எரியாது.

பலகைமேல் வைக்கும் இடமும் முக்கியம். வட்டத்தின் நடுவில் நன்றாக எரியும் அகல், கம்பிக்கு நேர் மேலே வந்ததும் மங்கிவிடும். அங்கே புலம் கிடைமட்டமாகத் திரும்புகிறது, அகலுக்குள் தட்டையாகக் கிடக்கும் காயிலுக்குள் நுழைவதில்லை. இரண்டு அகல்களை ஒட்டி வைத்தால் ஒன்றின் சுருதியை மற்றது கெடுக்கும், அகலுக்குள் இருக்கும் சின்னக் காயிலின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இடைவெளி விடு.

பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிடலாம் என்று உன் வீட்டில் சொல்வார்கள். தண்ணீர் ஒன்றும் செய்யாது, உருளிதான் எமன். உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து புலத்தை அடித்துவிடும், அனுப்பும் காயிலின் அலைவெண்ணையும் மேலே தள்ளிவிடும். எவர்சில்வர் தட்டு, பிஸ்கட் டின் மூடி, அலுமினியத் தாள் எல்லாம் அதே ஜாதி. மண், கண்ணாடி, பிளைவுட் நல்லவை. அடுக்குமாடித் தரைக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது, பலகையை 3 சென்டிமீட்டராவது உயர்த்தி வை. உலர்ந்த வண்ண அரிசிக் கோலத்துக்குள் இவற்றைப் புதைத்தாலும் எரியும்.

ஒயரில்லாத போன் சார்ஜர் தட்டில் வைத்தால் ஏன் எரியவில்லை என்றும் கேட்டிருந்தாய். அந்த வகை (Qi, 'சீ' என்று உச்சரிப்பார்கள்) சார்ஜர், மேலே ஏதாவது இருக்கிறதா என்று விட்டுவிட்டுத் தட்டிப் பார்க்கும், பதில் குறி வந்தால்தான் சக்தியைத் தொடர்ந்து அனுப்பும். உன் எல்இடிக்குப் பதில் சொல்லத் தெரியாது, அதனால் மினுக்கென்று விட்டு அணைகிறது. எதிர்ப்பக்கமாக, நம் காயில்மேல் போனை வைக்காதே, அது யாரையும் கேட்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கொண்டோ கதவு அட்டையையும் தள்ளி வை. பல இடங்களில் அது 125 கிலோஹெர்ட்ஸ் வகை, நம் அலைவெண்ணுக்குப் பக்கத்து வீடு. டச் அண்ட் கோ கட்டண அட்டை 13.56 மெகாஹெர்ட்ஸ், ரொம்பத் தூரம் என்றாலும் அதையும் இதன்மேல் போட்டுவைக்க ஒரு காரணமும் இல்லை. பேஸ்மேக்கர் வைத்த பெரியவர்கள் வந்தால் சுவிட்சை அணைத்துவிடு.

மண் அகல் அங்கே லிட்டில் இந்தியாவில் வாங்கும்போது உள்விட்டம் 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார். 15 நானோ சி0ஜி ஒரு பட்டை வாங்கி அடுத்த வாரம் தபாலில் போடுகிறேன். முதல் அகல் எத்தனை சுற்றில் நின்றது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்