கதவைத் திறக்காத ப்ரூடன்ஸுக்கு

அன்புள்ள ப்ரூடன்ஸ் அம்மா,

உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே அந்தப் பாட்டு வந்து நின்றுகொள்கிறது. 'டியர் ப்ரூடன்ஸ்' என்று பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லென்னன் கூப்பிட்டு 50 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உலகம் முழுக்க அந்தக் குரல் தெரியும். கதவுக்கு உள்ளே இருந்த உங்களைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு.

ஊரில் சொல்லும் கதை இதுதான். 1968. ரிஷிகேஷில், கங்கைக் கரைமேட்டில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமம். நடிகை மியா ஃபாரோவின் தங்கை அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தியானமே கதி என்று கிடந்தாள். பீட்டில்ஸ்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வரவில்லை. பாட்டு எழுதினார்கள். மூன்று வாரம் உள்ளேயே இருந்தாள், எல்லோருக்கும் முந்திக் கடவுளைப் பிடித்துவிடப் பார்த்தாள் என்று லென்னனே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அதோடு 'பித்துப் பிடித்த பெண்' என்ற பெயர் உங்கள்மேல் ஒட்டிக்கொண்டது. இது எனக்கு ஆறவே இல்லை.

1958இல் உங்கள் அண்ணன் மைக்கேல் விமான விபத்தில் போனார். 1963இல் அப்பா. அப்போது உங்களுக்கு 15 வயது. 1966இலேயே தியானம் பழகத் தொடங்கிவிட்டீர்கள். பீட்டில்ஸ் பிப்ரவரியில் வந்து சேர்ந்தார்கள். நீங்கள் ஜனவரியிலேயே வந்தாயிற்று. யார் பின்னாலும் வரவில்லை. வகுப்பு முடிந்ததும், சாப்பாடு முடிந்ததும், அவர்கள் கிடாரோடு வட்டமாக உட்கார, நீங்கள் அறைக்கு ஓடியதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அது தியான ஆசிரியர்களுக்கான பயிற்சி. எதற்கு வந்தீர்களோ அதைச் செய்தீர்கள். இதில் பித்து எங்கே இருக்கிறது?

பாட்டின்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அதே ஆசிரமத்தில் பாடகர் டோனோவன் சொல்லிக்கொடுத்த விரல்மீட்டலில்தான் அது ஆரம்பிக்கிறது. தூரத்திலிருந்து வருவதுபோல மெல்லக் கேட்கத் தொடங்கும். கீழ்த்தந்தி ஒரே சுருதியில் விடாமல் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் லண்டன் ட்ரைடன்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது டிரம்ஸ்காரர் ரிங்கோ கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போயிருந்தார். டிரம்ஸ் வாசித்தது பால் மெக்கார்ட்னி. கடைசிச் சரணத்தில் அந்த டிரம்ஸ் கதவை உடைப்பதுபோல எழும். பிறகு எல்லாம் அடங்கி, பழைய விரல்மீட்டல் மட்டும் மிஞ்சும். கூப்பிட்டவர்கள் கூப்பிட்டு ஓய்ந்து, படியிறங்கிப் போவது மாதிரி இருக்கும் எனக்கு.

ஏனென்றால் அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். எங்கள் அப்பா போன வருஷம் நானும் அறையை விட்டு வரவில்லை. சித்தி தினமும் சாயங்காலம் கதவுக்கு வெளியே வந்து நிற்பாள். "மொட்டை மாடிக்காவது வாடி, கொஞ்சம் காத்தாட நில்லு." அவ்வளவு பாசமாகத்தான் கூப்பிடுவாள். எனக்கு அழுகையாக வரும். எழுந்து போக மட்டும் முடியாது. கடைசியில் ஒரு சித்த வைத்தியரை வீட்டுக்கே கூட்டி வந்தாள். வயதானவர். என் இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக லேசாக அழுத்தி, லேசாக விட்டு, வெகுநேரம் அப்படியே இருந்தார். எழுந்து வா என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான். நான் இருந்த இடத்துக்கு அவர் வந்து உட்கார்ந்தார்.

ஆகவே, நீங்கள் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சம்ஸ்கிருதம் படித்து, முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது மணிக்கட்டில் நாடி பார்த்து நோயறியும் சாஸ்திரம் என்று தெரிந்தபோது, படித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். ஆறு நாடி நூல்களை மொழிபெயர்த்திருக்கிறீர்கள். 2007இல் முடித்தபோது உங்களுக்கு 59 வயது. ரிஷிகேஷில் 20 வயதில் உள்ளே போனவர் அத்தனை காலமும் அதே திசையில்தான் நடந்திருக்கிறீர்கள். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. ரிஷிகேஷிலிருந்து கிளம்புகிற சமயத்தில் உங்களைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது என்று பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் சொல்லிவிட்டுப் போனாராம். அது என்ன பாட்டு என்று அந்த வருஷம் நவம்பரில் ஆல்பம் வந்த பிறகுதான் கேட்டீர்களாம். அதைக் கேட்ட பிறகும் உங்கள் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும், அதற்காகவும்தான் இந்தக் கடிதம். வடமொழி வைத்திய நூல்களில் வாத நாடி பாம்புபோலவும் அட்டைபோலவும் ஊரும். கப நாடி அன்னம்போல, புறாபோல நடக்கும். எங்கள் சித்தர் பாடலில் இது தலைகீழ். அன்னம், கோழி, மயில் என நடப்பது வாதம். தவளை, பாம்பு போலப் போவது ஐயம், அதாவது கபம். அதே மணிக்கட்டு, அதே மூன்று விரல். தொட்டவர்களுக்குப் பிராணிகள் ஏன் மாறின? அந்த வைத்தியரிடம் கேட்டிருக்கலாம். அப்போது எனக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. இப்போது அவரும் இல்லை. அந்த நூல்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர் நீங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பதில் எப்போது வந்தாலும் சரி, அம்மா. அவசரமில்லை.

அன்புடன்,
உங்கள் வாசகி