ஆஸ்திரேலியா போகும் பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க சிட்னி, மெல்போர்ன் கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், பால்கோவா வேண்டவே வேண்டாம். ஊறுகாய், பொடி, மசாலா எது இருந்தாலும் விமானத்தில் தரும் பயணி அட்டையில் உணவு பற்றிய கேள்விக்கு "ஆம்" என்று குறியுங்கள். இதுதான் முக்கியம். சொல்லிவிட்டால், அதிகாரிகள் பொருளை எடுத்துக்கொண்டாலும் அபராதம் கிடையாது. மறைத்தால் கடும் அபராதம், விசாவே ரத்தாகலாம். ஆங்கிலம் தெரியாத அம்மாக்கள், பக்கத்து இருக்கைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு மட்டும், ஆங்கில மருந்துச்சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல். அப்புறம், 10,000 ஆஸ்திரேலிய டாலரோ அதற்கு மேலோ ரொக்கம் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

அடுத்து யார் கிளம்புகிறீர்கள்? கொண்டுபோகும் பொருள் பட்டியலை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.