செம்பு வளையமும் செங்கல் சூளையும்

திண்டிவனம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உன் மருமகளுக்கு மாதவிடாயின்போது உதிரப்போக்கு மிகுந்திருந்ததால் மருத்துவர் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருத்தடை வளையம் பொருத்தினார் என்றும், ஆறே மாதத்தில் போக்கு பெரிதும் குறைந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடிதத்தை மடித்து வைத்தபோது எனக்கு வேறொரு பெண்ணின் நினைவு வந்துவிட்டது.

செவிலிப் பணியிலிருந்து நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, செங்கல் சூளையில் கல் அறுக்கும் ஒருத்தி துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். இரண்டாம் பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி என்ற செம்புக் கருத்தடை வளையம் பொருத்திக்கொண்டவள். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உட்புறம் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7.8தான், மிகக் குறைவு. மாதத்தில் எட்டு நாள் பெரும்பாடு, அதில் மூன்று நாள் சூளைக்குப் போக முடிவதில்லை, கூலி போகிறது என்றாள். எடுத்துவிடுங்கள் என்று கேட்டு இருமுறை ஓர் அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படிச் சொன்னது பொய்யில்லை. பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் தணிந்துவிடும் என்றுதான் நமக்கும் பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் அந்த ஆறு மாதத்தைத் தாங்குவதற்கு உடம்பில் ரத்தம் இருக்க வேண்டுமே! 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. செம்பு வளையம் போக்கைக் கூட்டும், ஹார்மோன் வளையம் குறைக்கும். முன்னது அரசு மருத்துவமனையில் இலவசம். பின்னதற்குத் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் ஆகிறது. ஆகவே, போக்கு குறைந்தாக வேண்டிய பெண்ணுக்குப் போக்கைக் கூட்டும் கருவியே வாய்க்கிறது.

காப்பர் டியை நான் பழிக்கவில்லை. பத்து ஆண்டுக்குக் கவலையில்லை, பாலூட்டும் தாய்க்கும் ஆகும். எத்தனை பேருக்கு என் கையாலேயே பொருத்தியிருக்கிறேன்! என் குறையெல்லாம் பொருத்திய பிறகு கவனிப்பார் இல்லையே என்பதுதான். 1965இல் நாடெங்கும் லூப் என்ற கருத்தடை வளையம் வந்தபோதும் இதுவே நடந்தது; ரத்தம் கொட்டுகிறது என்ற பேச்சு ஊருக்கு ஊர் பரவி, நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் கிழவிகள் அதைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள், நினைவிருக்கிறதா? அதே குடும்பநல ஆய்வில், மணமான பெண்களில் கருத்தடை வளையம் வைத்திருப்போர் நூற்றுக்கு இரண்டு பேர், கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் 38 பேர் என்று பார்த்தபோது எனக்கு வியப்பாக இல்லை.

சூளைக்காரிக்கு அன்றே எடுத்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஆண்டு அவளும் ஆபரேஷன் செய்துகொண்டாள். வயது இருபத்து நான்கு.

உன் மருமகளுக்கு மொத்தம் எவ்வளவு செலவானது என்று அடுத்த கடிதத்தில் எழுது. இங்கே கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய தோழி