பெயிண்ட் அடிக்கிற வேலைதான் அப்பா, ஆனால் டர்பைனுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர்கூடப் பழகிவிட்டது, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை. போனில் "பெயிண்ட் அடிக்கிற வேலையா" என்று கேட்டீர்களே, ஒரு வகையில் அதேதான், டர்பைன் பிளேடுகளுக்குச் சூட்டைத் தடுக்கும் பூச்சு அடிக்கிறோம், ஆனால் விவரமாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

மின் நிலையத்து கேஸ் டர்பைன் என்பது எரிபொருளை எரித்து வரும் சூடான வாயுவால் சுழலும் எந்திரம், அதன் சூடான பகுதியிலுள்ள பிளேடுகள், அதாவது வாயு தள்ளும் இறக்கைகள், நிக்கல் கலவை உலோகம். 1,300 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது உருக ஆரம்பித்துவிடும், ஆனால் இப்போதைய பெரிய டர்பைன்களில் உள்ளே வரும் வாயு 1,500 டிகிரியையும் தாண்டுகிறது. சூடு ஏற ஏற அதே எரிபொருளில் கூடுதல் மின்சாரம் கிடைக்கும், அதனால் சூட்டைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. பிளேடுக்குள்ளேயே துளை போட்டுக் காற்றை ஓட்டிக் குளிர்விக்கிறார்கள். அந்தக் காற்றும் சும்மா வருவதில்லை, கம்ப்ரசர் பாடுபட்டு அழுத்தியதில் இருந்து பிடுங்குவதுதான், எங்கள் பூச்சு நன்றாக இருந்தால் அதைக் கொஞ்சமாக எடுத்தால் போதும்.

பூச்சு இரண்டு அடுக்கு. கீழே நிக்கல், குரோமியம், அலுமினியம் எல்லாம் கலந்த ஒட்டுப் பூச்சு, மேலே யிட்ரியா சேர்த்த சிர்கோனியா என்ற வெள்ளை செராமிக். அதன் தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான், ஆனாலும் உலோகத்துக்குப் போகும் சூட்டில் நூறு டிகிரி வரை தடுத்துவிடும்! இதை அடிப்பது பிளாஸ்மா துப்பாக்கி, மின்சாரத்தால் வாயுவைச் சூடாக்கிச் சுடராக வீசும் கருவி. அந்தச் சுடர் 10,000 டிகிரிக்கும் மேல், அதில் செராமிக் பொடி உருகித் துளித்துளியாகப் பறந்து போய் பிளேடில் அப்பளம் மாதிரி சப்பையாக ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அடிப்பது சீக்கிரம் முடிந்துவிடும், தயார் செய்வதுதான் பெரிய வேலை. முதலில் அலுமினா என்ற கடினமான பொடியை வேகமாக அடித்துப் பிளேடைச் சொரசொரப்பாக்க வேண்டும், வழவழவென்று இருந்தால் பூச்சு பிடிக்காது. அப்புறம் வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பிற்பாடு பூச்சு பெயர்ந்துவிடும். குளிர்விக்கும் துளைகள் அடைந்துபோனால் பிளேடே வீண், அதனால் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வோம். இவ்வளவுக்கும் பிறகும் காற்றோடு உள்ளே போகும் தூசி அந்தச் சூட்டில் உருகி, பூச்சின் நுண்ணிய துளைகளில் இறங்கி, இறுகி, கடைசியில் பூச்சையே பெயர்த்துவிடுகிறது. எங்கள் தலைவலி அதுதான்.

அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். துப்பாக்கியைப் பிடிப்பது ரோபோ, நான் சத்தம் வராத அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான்.

அன்புடன்,
உங்கள் மகன்