வேட்டைக்குப் போகும் வில் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். சிங்கப்பூரில் வேட்டைக்கு இடமில்லை; அதனால்தான் நம்மில் சிலர் மான் வேட்டைக்கு நியூசிலாந்து போகிறோம். இம்முறை கிளம்பும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: வேட்டை அம்பு ஒவ்வொன்றிலும் ஒளிரும் நாக் (அம்பின் வால்முனையில் நாணைப் பிடிக்கும் சிறு துண்டு; இதில் குட்டி விளக்கு இருக்கும்) மாட்டிக்கொள்ளுங்கள்.

வில்லில் பேட்டரி எதற்கு என்று மூத்தவர்கள் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விளக்கு குறி பார்க்கத் துளியும் உதவாது. பெரும்பாலான வகைகளில், நாணை விட்டதும் அதன் உந்துதலில்தான் விளக்கே எரிகிறது. வில் வேட்டைச் சாதனைப் பதிவுகளில் மிகக் கண்டிப்பான அமெரிக்காவின் போப் அண்ட் யங் கிளப்கூட 2014இல் இதை ஏற்றுக்கொண்டது.

காம்பவுண்ட் வில்லிலிருந்து (கப்பிகள் வைத்த நவீன வில்) அம்பு நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் பறக்கிறது. 30 மீட்டர் தூரத்தில் மான் துள்ளுவதுதான் தெரியும். எங்கே பட்டது என்பது இந்த ஒளி இல்லாமல் தெரியாது. அது தெரியாமல் பின்தொடர்வதுதான் கொடுமை. நுரையீரலில் பட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தேடிப் போகலாம். குடலில் பட்டிருந்தால் எட்டு மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் படுத்த மான் எழுந்து, நாம் எட்ட முடியாத இடத்துக்குப் போய் வலியோடு சாகும்.

போன பயணத்தில் நம் நண்பர் ஒருவரின் அம்பு மானைத் துளைத்துக்கொண்டு பெரணிப் புதருக்குள் போய் விழுந்தது. இருட்டத் தொடங்கிய காட்டில் நாக் விளக்கின் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. அம்பை எடுத்துப் பார்த்தார். நுரையீரல் என்றால் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் இருக்கும், ஈரல் என்றால் கருஞ்சிவப்பு. இதில் பச்சைப் பிசுபிசுப்பு, கெட்ட வாடை. குடல்தான். உடனே எல்லோரும் முகாமுக்குத் திரும்பினோம். விடிந்ததும் போனால், மான் கொஞ்ச தூரத்திலேயே படுத்த இடத்தில் கிடந்தது. அம்பு கிடைக்காமல் இருந்தால் அன்றிரவே துரத்தியிருப்போம்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். விளக்கு இருக்கிறதே என்று மசங்கிய வெளிச்சத்தில் எய்யக் கூடாது. மானின் தோள் தெளிவாகத் தெரியவில்லையா, வில்லை இறக்கிவிடுங்கள்.

அப்புறம், சாதாரண நாக்கைவிட இது ஒரு கிராம் அளவுக்குக் கனம். அந்தக் கனம் அம்பின் பின்பக்கம் சேர்வதால் அம்பு படும் இடம் கொஞ்சம் மாறும். அதனால் இங்கே திடலிலேயே இதை மாட்டிப் பழகிவிட்டுப் போங்கள். உலக வில்வித்தைச் சம்மேளனமான வேர்ல்ட் ஆர்ச்சரியின் போட்டி விதிகளில் இதற்கு அனுமதி இல்லை. போட்டி நாளில் மறக்காமல் கழற்றிவிடுங்கள். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

வாங்கும் முன் அம்புக்குழலின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். இறுக்கமாக இருந்தால் விளக்கு எரியாமல் போகலாம். எந்த அளவு பொருந்தும் என்று சந்தேகம் இருந்தால் அம்பைத் திடலுக்கு எடுத்து வாருங்கள். என்னிடம் இருப்பதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்களோடு திடலில் எய்யும் ஒருவன்