பனிக்காலத்தில் ஓடப்போகும் தங்கைக்கு

அன்புள்ள நித்யா,

குளிர் வந்துவிட்டது என்பதற்காக ஓட்டத்தை நிறுத்தப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். சரி, நிறுத்து என்று நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் எந்த ஷூ, எந்த ஜாக்கெட் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாய். என் கவலை வேறு. வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, வியர்வையில் நனைந்த சட்டையோடு, கால் பிசகி நீ நொண்டி நடக்க வேண்டி வந்தால் என்ன செய்வாய்? அதற்குப் பதில் தெரிந்த பிறகு ஷூவுக்கு வரலாம்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் போகிறது. பூஜ்யத்துக்குக் கீழேயும் மெல்லிய உடையில் ஓட முடிவது அதனால்தான். நின்றுவிட்டால் அந்த வெப்பம் சட்டென்று குறைந்துவிடும். ஈரத்துணியும் காற்றும் அப்படியேதான் இருக்கும். உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. முதலில் கடும் நடுக்கம் எடுக்கும். அப்புறம் விரல்கள் ஜிப்பைக்கூடப் பிடிக்காது, பேச்சு குழறும், கால் தடுமாறும். புத்தியும் சேர்ந்து மந்தமாகிவிடுவதால், என்ன நடக்கிறது என்பது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாமல் போகும். சூடான இடத்துக்குப் போகாமலே நடுக்கம் நின்றால் நிம்மதி அடையாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய கட்டம் அது.

அதனால் பாதையைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரே திசையில் எட்டு கிலோமீட்டர் போய்த் திரும்புவதைவிட, வீட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டமாக ஓடு. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் எந்த இடத்தில் நின்றாலும் பத்து நிமிஷ நடையில் வீடு. நேர்ப்பாதையில்தான் ஓடுவேன் என்றால், போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வைத்துக்கொள். மாற்றிச் செய்தால் சுகமாக ஓடி நன்றாக வியர்த்த பிறகு, களைத்த உடம்போடு காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் 'விண்ட் சில்' எண்ணையும் பார், அதாவது காற்றும் சேர்ந்து வீசும்போது தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்ற எண். 1940-களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர், சிறு பிளாஸ்டிக் உருளையில் இருந்த தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்ததில் தொடங்கிய கணக்கு அது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் மனித முகத்தை அடிப்படையாக வைத்து அதைத் திருத்தின. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் மைனஸ் 20 போலக் குளிரும். இந்தக் கணக்கு நடந்து போகிறவருக்குப் போட்டது. காற்றுக்கு எதிராக ஓடும்போது உன் வேகமும் அதோடு சேரும் என்பதால், செயலி சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள். விண்ட் சில் மைனஸ் 27-க்குக் கீழே போனால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறையலாம். அந்த நாளில் ட்ரெட்மில்லில் ஓடு, வீரம் காட்ட வேண்டாம்.

காது, மூக்கு நுனி, கன்னம், விரல்கள்தான் முதலில் மாட்டும். எரிச்சல் போய் மரத்து, தோல் வெளிறி மெழுகு போலத் தெரிந்தால் பனிக்கடி தொடங்கிவிட்டது. தேய்க்காதே. பனியை அள்ளித் தேய்க்கச் சொல்லும் பழைய வைத்தியம் தோலை இன்னும் கிழிக்கும். உள்ளே போய் 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் வை, மருத்துவரிடம் போ. மரத்த விரலுக்குச் சூடு உறைக்காது, வெந்தாலும் தெரியாது. அதனால் ஹீட்டர் பக்கம் நீட்டாதே.

உடை விஷயம் சுருக்கமாக. தோலை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ போடு, மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். வெளியே வந்த முதல் சில நிமிஷம் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஓடும்போது வியர்த்துக் கொட்டும். வியர்வை வரும் முன்பே ஜிப்பை இறக்கிவிடு.

இப்போது தரை. புதுப்பனியில் பிடிமானம் ஓரளவு இருக்கும், பயம் பனிக்கட்டியிடம். அதிலும் 'பிளாக் ஐஸ்' கண்ணுக்கே தெரியாது, ஈரமான தார்ச்சாலை போலவே இருக்கும். பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த மறுநாள் காலைதான் மோசம். கடுங்குளிரைவிடப் பூஜ்யத்தை ஒட்டிய நாட்களில் அதிகம் வழுக்கும், ஏனென்றால் கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். பாலங்கள் மேலும் கீழும் காற்றுப் படுவதால் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். அங்கே நடந்து கட, யாரும் சிரிக்க மாட்டார்கள். மற்ற இடங்களில் அடியைச் சின்னதாக்கு. கால் உடம்புக்கு முன்னால் நீண்டு விழாமல் இடுப்புக்கு நேர்கீழே விழட்டும். திருப்பத்திலும் இறக்கத்திலும் வேகத்தைக் குறை. நீ கேட்ட ஷூவுக்குப் பதில் இதுதான்: புது ஷூ வேண்டாம், பழைய ஷூவின் மேல் மாட்டும் உலோக முள் வைத்த ரப்பர் பட்டை போதும். வெறும் தார்ச்சாலையிலும் வழவழப்பான தளத்திலும் அதுவே வழுக்கும், கழற்றிவிடு. பனி நாளில் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது.

விடிவது தாமதம், இருட்டுவது சீக்கிரம். வாகனங்களை எதிர்கொள்ளும் பக்கமாக ஓடு. ஓரத்தில் பனி குவிந்து சாலை குறுகியிருக்கும், வண்டி வந்தால் நீதான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒளியைத் திருப்பும் பட்டையை மார்பில் மட்டும் கட்டாமல் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டு. அசைகிற மூட்டுகளைப் பார்த்தால்தான் வருவது மனிதர் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும். குல்லாவுக்குள் இயர்போன் வேண்டாம்.

சின்ன வயதில் உனக்கு மூச்சிழுப்பு இருந்தது. குளிர்ந்த வறண்ட காற்று அதைத் திரும்பக் கிளப்பலாம். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் வார்ம்அப் செய், மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டு. இன்ஹேலர் தேவையா என்று சீசன் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடு. நெஞ்சு இறுகினால் அங்கேயே ஓட்டத்தை நிறுத்து.

போன் பேட்டரி குளிரில் திடீரென்று படுத்துவிடும், அதனால் வெளிப்பாக்கெட்டில் வைக்காமல் உடம்பை ஒட்டி வை. கூடவே மெல்லிய காய்ந்த மேல்சட்டை ஒன்றைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள், நொண்டி நடக்கும் அந்த நாலு கிலோமீட்டருக்கு அதுதான் உதவும். திரும்பி வந்ததும் ஸ்ட்ரெட்சிங்குக்கு முன்பே ஈர உடையை மாற்று, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடி.

ஞாயிற்றுக்கிழமை எந்தப் பாதையில் ஓடப்போகிறாய் என்று மேப்பில் குறித்து அனுப்பு. நடுவில் பாலம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்.

அன்புடன்,
அண்ணன்